இடது பக்க விளக்கு

முன்பக்க பஃபரைக் கழற்றிக் கீழே வைத்த பிறகுதான் உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தபோது ஜீப்பின் இடது மூலை மட்டும் நசுங்கியது போலத்தான் இருந்தது. இப்போது ஹெட்லைட் பாதி உடைந்து வயரில் தொங்கியது. ரேடியேட்டரின் ஓரம் மடங்கியிருந்தது. பஃபருக்குப் பின்னால், வண்டியின் அகலம் முழுக்க ஓடும் இரும்புச் சட்டம் இடது பக்கத்தில் உள்வாங்கிப்போயிருந்தது.

ஹாலிஎலையில் அந்தக் கராஜை நடத்துகிறவர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடொன்றில் பிறந்து, பதுளையில் டிங்கரிங் பழகியவர். விலை கூடிய வண்டிகளுக்கு இப்போது ஊவா மாகாணம் முழுக்க அவரைத்தான் தேடி வருகிறார்கள். எல்லோரும் அவரை பாஸ் என்பார்கள், நானும் அப்படித்தான். அவர் என்னை அக்கா என்பார்.

"இந்தச் சட்டந்தான் முக்கியம் அக்கா," என்று குனிந்து அதைத் தட்டிக் காட்டினார். "அடி விழுந்தா மொதல்ல வாங்கிக்கிறது இதுதான். வெளிய தெரியாதுங்கிறதால இதப் பத்தி யாரும் கேக்கறதில்ல."

என் கணவரும் கேட்கவில்லை. அவர் உடைந்த ஹெட்லைட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் எப்படியும் போடுங்கள், லைட் மட்டும் நல்லதாக இருக்க வேண்டும், வெளிச்சம் பத்தாமல்தான் இது நடந்தது என்றார். அன்றைக்கு மட்டும் அதை மூன்று முறை சொன்னார்.

எங்களுக்குப் பதுளை பஜாரில் ஹார்ட்வெயார் கடை. தகரம், பைப், பெயின்ட், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி என்று தோட்டங்களுக்குத்தான் பெரும்பாலும் போகும். ஓடர் எடுக்க அவரே நமுனுகுல, பசறை, கொஸ்லந்த, சில நாள் மொனராகலை வரைக்கும் போய்வருவார். சாமான் ஏற்ற லொறி தனியாக இருக்கிறது. இந்த ஜீப்பை ஐந்து வருஷத்துக்கு முன்பு கொழும்பில் ஒருவரிடம் பாவித்த வண்டியாக வாங்கினோம். தேவை என்று சொல்ல முடியாது. அவருக்கு ஆசை, அவ்வளவுதான். எனக்கும் அது பிடித்திருந்ததை மறைக்க மாட்டேன். அதில் உட்கார்ந்தால் பஜாரே கொஞ்சம் கீழே இறங்கினாற்போல் இருக்கும்.

விபத்து நடந்தது நமுனுகுலவிலிருந்து திரும்பும்போது, அவர்தான் ஓட்டினார். பின்னேரம் ஆறு மணி இருக்கும். பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது, லைட்டைப் போட்டிருந்தோம். ரோட்டின் இடது ஓரமாகக் கொழுந்து எடுக்கிற பெண்கள் நாலு பேர் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். அவரும் பார்த்திருப்பார் என்று சும்மா இருந்தேன். ஆனால் வண்டி விலகவில்லை. அவர்களை நோக்கியே போனது. நான் கத்தினேன். அவர் சட்டென்று வலது பக்கம் வெட்டினார். எதிரே ஒரு பஸ். மறுபடி இடது பக்கம் திருப்பியதில், மதகின் கல்லுச் சுவரில் போய் மோதி நின்றது.

வேகம் குறைவாக இருந்ததால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெல்ட் இழுத்த இடத்தில் எனக்குத் தோள் கன்றிப்போயிருந்தது. அந்த நாலு பேரில் ஒருத்தி மட்டும் பயந்து ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் குதித்ததில் கால் பிசகி, எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, வண்டியை இழுத்துக்கொண்டு வந்தோம். எலும்பு முறியவில்லை, கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்று மறுநாள் தோட்டத்து ஸ்டோர்காரர் போனில் சொன்னார். நான் அதைக் கேட்டு நிம்மதிப்பட்டதோடு சரி. போய்ப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்க்க மட்டும் தினமும் போனேன்.

சாமான் தேடுவது என் வேலையானது. கடையில் பத்திருபது வருஷமாகச் சாமான் வாங்கி விற்கிறவள் என்பதால் பாஸும் என்னிடமே எல்லாவற்றையும் விளக்கினார். கொழும்பு ஏஜென்டிடம் புதிது கேட்டால் வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதமாகும். அதுவும் நிச்சயமில்லை. ஜப்பானில் கழற்றி வந்த பாவித்த சாமான் கிடைக்கும், கம்பனி சாமான்தான், ஆனால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டிக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது, அதே மாதிரி செய்து விற்கிற கொப்பி. கிரில்லுக்கும் பஃபரின் வெளித்தோலுக்கும் கொப்பி போட்டாலும் பரவாயில்லை, இடைவெளி சரியாக உட்கார்ந்தால் போதும் என்றார். சட்டத்துக்கும் லைட்டுக்கும் மட்டும் கொப்பி கூடாது.

அன்றிலிருந்து என் போன் ஓயவில்லை. கொழும்புச் சாமான் கடைக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் படம் அனுப்பினார்கள். சிமெந்துத் தரையில் ஒரு ஹெட்லைட், பக்கத்தில் செருப்புப் போட்ட ஒரு கால். சுவரில் சாய்த்த பஃபர். ஒரே பஃபரை மூன்று பேர் தங்களுடையது என்று அனுப்பியிருந்தார்கள். கடையில் ஆள் நிற்கும்போதும் நான் படத்தைப் பெரிதாக்கிக் கீறல் தேடிக்கொண்டிருப்பேன். சோறு போட்டு வைத்துவிட்டு எழுந்து போய் போனை எடுப்பேன். என் கணவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். லைட் படம் என்றால் மட்டும் கையிலிருந்து வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். இதைவிட வெளிச்சம் கூடினது இல்லையா என்று கேட்பார்.

முதல் லைட் பஸ்ஸில் வந்தது. காலையில் பஸ் ஸ்டாண்டில் போய் எடுத்து, அப்படியே கராஜுக்குக் கொண்டுபோனோம். சின்னக் கீறல்கூட இல்லாத சாமான். பாஸ் அதை வண்டியில் பொருத்தி வயர் கொடுத்து, ஷட்டரை இறக்கி இருட்டாக்கிவிட்டு, எதிர்ச் சுவரில் வெளிச்சம் அடித்தார்.

"சரியா இருக்கு," என்றார் என் கணவர் உடனே. "இத்தனை நாள் இப்படி ஒரு வெளிச்சம் இல்ல. இதையே போடுங்க."

பாஸ் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விரலால் காட்டினார். நல்ல பக்கத்து லைட்டின் வெளிச்சம் சுவரில் நேர்கோடாக வந்து, இடது ஓரத்தில் மேல்நோக்கி ஏறியிருந்தது. நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுவதால், ரோட்டோரம் நடக்கிறவர்கள் தெரிவதற்காக அப்படிச் செய்திருப்பார்களாம். புதிதாக வந்ததன் வெளிச்சம் வலது பக்கம் ஏறியது. அது ஜப்பான் சாமானே இல்லை, வலது பக்கம் ஓட்டுகிற நாட்டு வண்டியின் லைட். போட்டால் எதிரே வருகிறவன் கண் கூசும், ஓரத்தில் போகிறவன் தெரியமாட்டான். எனக்கே அது ஒரே பார்வையில் தெரிந்தது. இரண்டும் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன.

"எங்க?" என்றார் என் கணவர். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆமாம், இப்போது தெரிகிறது என்றார். பாஸ் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். ஏன் குனிந்தேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

அந்த லைட்டைத் திருப்பி அனுப்பினோம். இரண்டாவது வந்தது, சரியான சாமான். அது மங்கல் என்று என் கணவர் வேண்டாமென்றார். வண்டிக்கு வெளியே கூடுதலாக இரண்டு பனிவிளக்குப் போடலாமா, பல்பை மாற்றிக் கூட்டலாமா என்று பாஸிடம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் ஓர் இடத்தில் உட்காரமாட்டார். முற்றத்துக்குப் போவார், திரும்பி வருவார், லைட் இருந்த பெட்டியைத் திறப்பார், மூடுவார். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட்டிருக்கிறேன் என்ற எண்ணம் காலையில் எழுந்ததிலிருந்து கூடவே வந்தது. விபத்து நடந்து பன்னிரண்டாம் நாள் அது என்னவென்று எனக்குள் ஒத்துக்கொண்டு, அவரிடம் சொல்லாமல் பஸ் ஏறி நமுனுகுல போனேன்.

கால் பிசகிய அந்தப் பெண் இருந்த லயம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு மேலே, படி ஏறிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. என் வயதுதான் இருக்கும். வாசலில் பலகை போட்டு, கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, சுளகில் பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழப் பார்த்தாள். நான் வேண்டாமென்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் கொண்டுபோன பையை அவள் பார்க்கவே இல்லை. வேலைக்குப் போக இன்னும் பதினாலு நாள், இரண்டு கிழமையாவது ஆகும், மேல் மலையில் சரிவு, இந்தக் காலோடு நிற்க முடியாது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அன்றைக்கு எங்கள் லைட் மங்கலாக இருந்தது, பனியும் வேறு, அதனால்தான் அவருக்கு உங்களைத் தெரியவில்லை என்று நான் சொன்னேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு.

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"இல்லீங்கம்மா. வெளிச்சம் எங்க மேல நல்லாத்தான் அடிச்சிச்சு. எங்க நெழலு முன்னால நீளமா விழுந்திச்சு. திரும்பிப் பாத்தேன். இவ்ளோ வெளிச்சம் அடிக்குதே, ஐயா நம்மளப் பாத்துட்டுத்தான் வாராருன்னு நெனச்சோம். அதான் ஒதுங்காம நடந்தோம்."

அவள் சுளகை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டு ஒன்று கேட்டாள்.

"வண்டிய செஞ்சு முடிச்சோடன மறுபடியும் ஐயாதான் ஓட்டுவாரா?"

அவள் வீட்டுத் தேநீரைக் குடித்துவிட்டு இறங்கினேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஒரு வருஷமாக நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. கடை ஷட்டர் தூணில் அவர் இரண்டு தடவை தோளை இடித்துக்கொண்டது. மேசை ஓரத்தில் வைத்த தேநீர்க் கோப்பையைக் கை பட்டுத் தட்டிவிட்டு, இங்கே ஏன் வைத்தாய் என்று என்னைத் திட்டியது. கோயில் கூட்டத்தில் பக்கத்தில் நின்று கும்பிட்ட சொந்தக்காரரைக் கவனிக்காமல் போய், பிறகு அவர்கள் வீட்டில் அது பெரிய மனத்தாங்கல் ஆனது. எல்லாமே அவருடைய இடது பக்கத்தில் நடந்தவை. எல்லாவற்றையும் நான் அவருடைய அவசர புத்தி என்று வைத்திருந்தேன்.

ஹாலிஎலையில் இறங்கி முதலில் கராஜுக்குத்தான் போனேன். பழைய லைட்டில் ஏதாவது கோளாறு இருந்ததா என்று பாஸிடம் நேராகவே கேட்டேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, வலது பக்க லைட்டை முதல் நாளே சோதித்துப் பார்த்ததாகவும், அதில் எந்தக் குறையும் இல்லை என்றும் சொன்னார். இடது பக்கத்தது உடைந்திருந்தாலும் உள்ளே பல்பு எரிந்தது. சுவரில் வெளிச்சம் பார்த்த அன்றிலிருந்து அவரும் என் கணவரின் கண்ணைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தாராம். என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார்.

வீட்டில் என் கணவர் ஹோலில் நாற்காலியில் உட்கார்ந்து, வேண்டாமென்று ஒதுக்கிய அந்த லைட்டை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் போய் அவருடைய இடது பக்கம், கை எட்டும் தூரத்தில் நின்றேன். அவர் திரும்பவில்லை. கையை மெதுவாக உயர்த்தி, அவர் காதுக்கு நேரே கொண்டுவந்து, கன்னத்துக்கு நேரே கொண்டுவந்தேன். இன்னும் திரும்பவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் திடுக்கிட்டு நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

லைட்டைக் கீழே வைக்க அவருக்கு நேரமெடுத்தது.

"ஒரு வருஷம் இருக்கும். மொதல்ல கண்ணாடி மாத்தினா சரியாகிரும்னு நெனச்சேன். நேரா பாக்கிறது நல்லாத் தெரியுது. ஓரந்தான்." விரலால் இடது கண்ணோரத்தைத் தொட்டுக் காட்டினார். "சொன்னா சாவிய வாங்கிருவ. அப்புறம் நான் கடையில உக்காந்து ஆணி நிறுத்துக்கிட்டு இருக்கணும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த நாலு பெண்களும் கண்முன் நின்றார்கள். நானும் அதே வண்டியில்தானே இருந்தேன் என்பதும் வந்தது. ஆனால் அவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை போல உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வாயில் வந்ததைச் சொல்ல முடியவில்லை. நாளைக்கே கண் டொக்டரிடம் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். ஆமாம் என்று தலையாட்டினார். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்குப் பயமாக இருந்தது. எவ்வளவு களைத்துப்போயிருந்தால் அப்படிச் சம்மதித்திருப்பார்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகும் நோய் என்றார் டொக்டர். இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை குறைந்திருக்கிறது, இடது கண்ணில் அதிகம். போனது திரும்பி வராது. நேரம் தவறாமல் மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். வண்டி ஓட்டக் கூடாது என்று சொன்னபோது, தோட்டத்து ரோட்டில் பகலில் மட்டும் ஓட்டலாமா என்று அவர் கேட்டார். டொக்டர் இல்லை என்றார். அவர் இன்னொரு முறை கேட்கவில்லை.

வண்டியை அப்படியே விற்றுவிடலாம் என்று அவர் சொன்னார். நானும் இரண்டு நாள் யோசித்தேன். லொறியோடு காலத்தை ஓட்டலாம். ஆனால் தோட்டங்களில் அவரைத் தெரிந்தவர்கள்தான் ஓடர் கொடுக்கிறார்கள், அவர் போயாக வேண்டும். என்னிடம் லைசன்ஸ் இருந்தது. பதுளை டவுனுக்குள் முன்பு எங்களிடம் இருந்த சின்னக் காரை ஓட்டிய பழக்கம் மட்டும்தான். இவ்வளவு பெரிய வண்டியை மலைரோட்டில் ஓட்டுவேன் என்று சொன்னபோது என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. அவர் என்னை நேராகப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அதன் பிறகு சாமான் தேடியது வேறு மாதிரி இருந்தது. லைட்டைப் பற்றிப் பேச்சே இல்லை, அந்த இரண்டாவது லைட்டையே போடச் சொன்னேன். கொப்பி பஃபர் ஒன்று வந்தது, லைட்டுக்குக் கீழே ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டது, அதைச் சூடுகாட்டிச் சரிசெய்தார்கள். சட்டம்தான் பாடாய்ப் படுத்தியது. பாவித்த சட்டம் ஒன்று கொழும்பிலிருந்து வந்தது. கறுப்புப் பெயின்ட் பளபளவென்றிருந்தது. பாஸ் அதை மேசைமேல் போட்டு என்னைக் கூப்பிட்டு, அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். இடது முனையிலிருந்து ஒரு முழத் தூரத்தில் விரலில் மேடாக ஒரு கோடு தட்டியது.

"வெட்டி ஒட்டி வெல்டிங் அடிச்சிருக்கு. ஏற்கெனவே ஒருதடவ அடி வாங்கின சாமான். பெயின்டுக்கு மேல பாத்தா தெரியாது," என்றார்.

போட்டாலும் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது, வண்டி அடுத்த நாளே கிடைக்கும் என்று அனுப்பியவர் போனில் சொன்னார். என் கணவரும் பக்கத்தில் நின்றார். எப்படியும் வண்டி வந்தால் போதும் என்ற நிலையில் இருந்தார். நான் அந்தக் கோட்டின் மேல் மறுபடி மறுபடி விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். பிறகு வேண்டாம், ஏஜென்டிடம் புதிது சொல்லுங்கள், வரும்வரை நிற்கட்டும் என்றேன். நல்ல வேளையாக மூன்று மாதம் ஆகவில்லை. ஏழாவது கிழமை வந்தது. அந்த ஏழு கிழமையும் பாஸின் தம்பி என்னைத் தோட்டத்து ரோட்டில் அவர்களுடைய பழைய ஜீப்பில் ஓட்டப் பழக்கினார். ஏற்றத்தில் இரண்டு தடவை நின்றுபோய், பின்னால் வந்த லொறிக்காரர் இறங்கி வந்து வழி சொல்லிவிட்டுப் போனார்.

வேலை முடிந்த அன்று பாஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்துத் தயங்கினார். நான் கையை நீட்டினேன். என் கணவர் இடது பக்கக் கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்தார்.

அடுத்த கிழமை கொஸ்லந்தைக்குப் போனோம். பெரகலைக்குக் கீழே வளைவுகள் தொடங்கியதும் அவர் சொல்ல ஆரம்பித்தார். இப்போது ஒரு குறுகிய வளைவு, கியரைக் குறை. இப்போது பாலம். இந்த இடத்தில் பஸ் நடுவில் வருவான், ஹோன் அடி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் முப்பது வருஷம் ஓட்டிய ரோடு. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் என் கை ஸ்டியரிங்கில் இறுகியது. எதிரே ஒரு மண் லொறி வந்தபோது, அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கைப் போய் மிதித்தது.

"கொஞ்ச நேரம் பேசாம வாங்க," என்றேன். சொன்ன விதம் கடுமையாக இருந்திருக்க வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு நானே, அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று கேட்டேன். வலது என்றார்.

தோட்டத்து ஒபிஸ் வாசலில் நிறுத்தினேன். அவர் இறங்கி, படிகளை ஒவ்வொன்றாகக் கால் வைத்துப் பார்த்து ஏறினார். முன்பு இரண்டிரண்டாக ஏறுவார். கைப்பிடிச் சுவர் இடது பக்கம் இருந்தது, அதைத் தேடி அவர் கை ஒருமுறை வெறும் காற்றில் அலைந்தது. நான் இறங்கிப் போவதா, அப்படியே இருப்பதா என்று தெரியாமல் கதவில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாரோ அவரைப் பெயர் சொல்லி வரவேற்பதும், அவர் உரக்கச் சிரிப்பதும் கேட்டது. அரை மணி நேரம் கழித்து வந்து ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, நூற்றிருபது தகரம், எட்டடி என்று சொன்னார். நான் ஓடர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. வைப்பரைப் போட்டுவிட்டு, வண்டியைத் திருப்ப இடம் போதுமா என்று கண்ணாடியில் ஒன்றுக்கு மூன்று முறை பார்த்தேன்.